சாப்பாட்டு மேசையில் கட்டிய புத்தகங்கள்

1917 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் திகதி, இலண்டனுக்கு மேற்கேயுள்ள றிச்மண்டில், ஹோகார்த் இல்லம் என்ற பழைய வீடொன்றுக்குச் சிறியதொரு கையச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. அச்செழுத்துக்கள், எழுத்துப் பெட்டிகள், இரும்புச் சட்டங்கள் எல்லாம் சேர்த்து அதன் விலை 19 பவுண் 5 சிலிங் 5 பென்ஸ். வீட்டுக்காரர் இருவரும் அதனைச் சாப்பாட்டு மேசையின்மேல் ஏற்றிவைத்து, கூடவே வந்த 16 பக்கச் செய்முறைப் பிரசுரத்தைப் படித்துத் தாமாகவே அச்சுத்தொழில் பழகினர். ஜூலை மாதத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு புத்தகம் வெளிவந்தது. அதை எழுதியவர்களும், அச்சுக்கோத்தவர்களும், அச்சடித்தவர்களும், மடித்துத் தைத்து மேலுறை ஒட்டியவர்களும் அந்த இருவரே.

மனைவி வேர்ஜினியா வூல்ஃப். இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலின் போக்கை மாற்றியவர்களுள் ஒருவர் என்று பல்கலைக்கழகங்களில் நாம் படித்த அதே வேர்ஜினியா வூல்ஃப். கணவர் லெனார்ட் வூல்ஃப். இவரை நாம் வேறொரு வழியாகவும் அறிவோம். இவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர்.

வீட்டிலேயே கையால் புத்தகம் கட்டுவது இப்போது உலகெங்கும் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகிவிட்டது. அதற்கெனக் கருவிகள் விற்கப்படுகின்றன. காணொளிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால் இந்த வேலைக்குள் ஒரு பழைய வழக்கு மறைந்து கிடக்கிறது. புத்தகத்தை எழுதுகிறவர் யார், அதைக் கட்டுகிறவர் யார், இருவரும் ஒருவராக இருக்கலாமா என்ற வழக்கு அது. நமது சமூகத்துக்கு அந்த வழக்கு அந்நியமானதல்ல. வூல்ஃப் தம்பதியரின் கதையை இவ்விடத்தில் விரிவாகச் சொல்ல முற்படுவது அதனாலேயே.

யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து

லெனார்ட் வூல்ஃப் 1904 டிசெம்பரில் கொழும்பில் வந்திறங்கினார். கேம்பிரிட்ஜில் படித்த 24 வயது இளைஞர். அவர் கொண்டுவந்த பொருட்களுள் இரண்டு பிரசித்தமானவை. ஒன்று, சார்ள்ஸ் என்ற நாய். மற்றது, பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சிடப்பட்ட வோல்டேயரின் நூற்றொகுதிகள் 90. அந்தத் தொகுதிகள் பாஸ்கர்வில் என்ற அழகிய எழுத்தில் அச்சிடப்பட்டவை என்பதைப் பல்லாண்டுகளின் பின்னர் எழுதிய தமது சுயசரிதையிலும் அவர் மறக்காமல் குறிப்பிடுகிறார். எழுத்தின் வடிவத்தையும் நூலின் கட்டையும் கவனித்துப் பார்க்கும் கண் அவருக்கு அப்போதே இருந்தது.

1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு நியமனம். வடபகுதிக்கான புகையிரதப் பாதை அப்போது முழுமையடைந்திருக்கவில்லை. அனுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை மாட்டு வண்டித் தபாலில் அவர் பயணம் செய்தார். 1906 இல் மன்னாரின் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பில் மேற்பார்வையாளராகக் கடமையாற்றினார். 1907 வரை யாழ்ப்பாணம், பின்னர் கண்டி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை. யாழ்ப்பாணத்தில் அவர் விரும்பப்பட்ட அதிகாரி அல்லர். கண்டிப்பானவர், கர்வி என்று பெயரெடுத்தார். அவரைப்பற்றி மேலிடத்துக்கு முறைப்பாடும் போனது. 1961 இல் வெளியான சுயசரிதையின் இரண்டாம் பாகத்தில் இதையெல்லாம் அவரே பதிவு செய்திருக்கிறார்.

1911 இல் விடுமுறையில் தாயகம் திரும்பியவர், 1912 இல் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் வேர்ஜினியாவை மணந்தார். அம்பாந்தோட்டைக் காட்டோரத்து மக்களைப் பற்றிய அவரது நாவல் 1913 இல் வெளிவந்தது. அதனைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 இல் எடுத்த ‘பெத்தேகம’ திரைப்படத்தைப் பார்த்த வாசகர்கள் இருப்பார்கள்.

பள்ளிக்கூடம் மறுத்த மாணவர்கள்

திருமணத்தின் மறுவருடமே வேர்ஜினியா கடும் மனநோய்க்கு ஆளாகித் தற்கொலைக்கு முயன்றார். 1915 இல் நோய் மீண்டும் வந்தது. காலை முழுவதும் எழுத்தில் மூழ்கும் மனைவிக்கு, மாலைவேளையில் மனதை எழுத்திலிருந்து முற்றாக விலக்கும் கைவேலை ஒன்று இருந்தால் நல்லது என்று லெனார்ட் எண்ணினார். அச்சுத்தொழில் அவ்வாறுதான் அவர்களது யோசனைக்கு வந்தது. கைவேலை வேர்ஜினியாவுக்குப் புதிதல்ல. திருமணத்துக்கு வெகுமுன்னரே, இளமைக் காலத்தில், அவர் நூற்கட்டுப் பழகியிருந்தார். தமது பழைய புத்தகங்களைத் தாமே பிரித்துக் கட்டும் வழக்கமுடையவர்.

இருவரும் இலண்டனின் பத்திரிகைத் தெருவாகிய பிளீட் வீதிக்கு அருகேயிருந்த அச்சுத்தொழிற் பள்ளிக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டனர். பள்ளி மறுத்துவிட்டது. தொழிற்சங்கத்தில் பதிவுபெற்ற பயிலுநர்களுக்கு மட்டுமே அங்கு பயிற்சி. அவர்களின் தொகைக்கும் வரையறை உண்டு. நடுத்தர வயதை எட்டிய நடுத்தர வர்க்கத்தார் இருவருக்கு அங்கே இடமில்லை.

இதைப் படிக்கும் பலர் பள்ளியின்மீது கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தொழிலில் நுழைவோரின் தொகை கட்டுக்கடங்காமல் பெருகினால் கூலி சரியும். அச்சுக்கோப்பாளரின் சங்கம் தன் உறுப்பினரின் சோற்றைப் பாதுகாக்க வைத்திருந்த வேலி அது. வூல்ஃப் தம்பதியருக்கு அச்சுவேலை விருப்பம். மற்றவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுக் கைத்தொழிலின் பெருமையைப் பாடுவது எளிது. மறவாமல் மேலே செல்வோம்.

1917 மார்ச்சில் ஒருநாள் பரிங்டன் வீதியால் நடந்துபோகையில், அச்சுச் சாமான் விற்கும் கடையொன்றின் கண்ணாடிக்கு அப்பால் கையச்சு இயந்திரங்களைக் கண்டனர். உள்ளே சென்று விசாரித்தனர். பள்ளிக்கூடம் தேவையில்லை, இந்தப் பிரசுரத்தைப் பார்த்தே பழகலாம் என்று கடைக்காரர் நம்பிக்கையூட்டினார்.

150 பிரதிகள்

அந்தச் சிறிய இயந்திரம் ஒருதடவைக்கு ஒரு பக்கத்தை மட்டுமே அச்சடிக்கும். ஒரு பக்கத்தை எழுத்தெழுத்தாகக் கோத்து, அச்சடித்து, பின்னர் அந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உரிய அறைகளில் போட்டு, அடுத்த பக்கத்தைக் கோக்க வேண்டும். லெனார்டுக்குப் பிறவியிலேயே கைநடுக்கம் இருந்தது. சிறிய ஈய எழுத்துக்களை அவரால் பிடித்து அடுக்க முடியாது. ஆகவே கோப்பதும் பிரிப்பதும் வேர்ஜினியாவின் வேலை. இயந்திரத்தை இயக்குவது லெனார்டின் வேலை.

முதல் நூலில் கதைகள் இரண்டு, ஒருவருக்கு ஒன்று. மரச்செதுக்குச் சித்திரங்கள் நான்கு. 32 பக்கம். ஏறத்தாழ 150 பிரதிகள். கணக்குப் பார்த்தால், இயந்திரத்தின் கைப்பிடி நாலாயிரம் தடவைக்கு மேல் இழுக்கப்பட்டிருக்க வேண்டும். அதன்பின் தாள்களை மடித்து, வரிசைப்படுத்தி, ஊசிநூலால் தைத்து, தேடிப்பிடித்து வாங்கிய வண்ண யப்பானியத் தாளை மேலுறையாக ஒட்டினர். நூலின் முகப்பில், இது இன்னார் இருவரால் எழுதி அச்சிடப்பட்டது என்று அச்சிட்டனர். எழுதுதல், அச்சிடுதல் ஆகிய இரு வினைகளும் அங்கே சமமாக அருகருகே நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

தயாரிப்புச் செலவு 3 பவுண் 7 சிலிங். விற்றவை 134 பிரதிகள். செலவு போக 7 பவுணுக்குச் சற்று மேல் மிஞ்சியது. லெனார்ட் கச்சேரிக் கணக்குப் பழகியவர். பென்ஸ் தவறாமல் எழுதிவைத்தார்.

அடுத்தது கத்தரின் மான்ஸ்ஃபீல்டின் நீண்ட கதை, 68 பக்கம், 300 பிரதிகள். 1918 ஜூலையில் வெளிவந்தது. 1919 மே மாதத்தில் வேர்ஜினியாவின் சிறுகதையொன்று 150 பிரதிகள் அச்சிடப்பட்டது. சிலநாள் வெளியூர் சென்று திரும்பியவர்கள், வீட்டு வாசலில் கடிதங்கள் குவிந்து கிடக்கக் கண்டனர். பத்திரிகையொன்றில் வந்த மதிப்புரையைப் படித்துவிட்டுப் பிரதி கேட்டு எழுதியவர்களின் கடிதங்கள் அவை. கையால் அச்சிட்டுக் கட்டி முடியாது என்ற நிலையில், இரண்டாம் பதிப்பை வெளியார் அச்சகமொன்றிடம் ஒப்படைத்தனர்.

1921 இல் பெரிய இயந்திரமொன்றை வாங்கினர். சமையற் சாமான் வைக்கும் அறையில் அச்சடிப்பு. சாப்பாட்டு அறையில் நூற்கட்டு. இருக்கும் அறையில் எழுத்தாளர்களுடன் சந்திப்பு. வீடு முழுவதும் பசையும் மையும் என்று சொல்லலாம். 1923 செப்டெம்பரில் ரி. எஸ். எலியட்டின் ‘பாழ் நிலம்’ கவிதையின் பிரித்தானிய முதற்பதிப்பு, ஏறத்தாழ 460 பிரதிகள், அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. முழுவதையும் அச்சுக்கோத்தவர் வேர்ஜினியா. நீலநிற மார்பிள் தாள் ஒட்டிய மட்டைகளுக்குள் அந்நூல் அமைந்தது. மட்டையில் ஒட்டிய தலைப்புச் சீட்டு மூன்று விதமாகக் காணப்படுகிறது. சிலவற்றில் ஓரத்தில் உடுக்குறிகள், சிலவற்றில் கோடு, சிலவற்றில் ஒன்றுமில்லை. அச்சுப்பிழைகளும் இருந்தன, சில பிரதிகளில் எலியட்டே பேனாவால் திருத்தினார். தொழில்முறை அச்சகத்தின் துப்புரவு அதில் இல்லை. இருந்தும் இன்று உலகின் பெரிய நூலகங்கள் அப்பிரதிகளைப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கின்றன.

இந்தக் கைவேலை வேர்ஜினியாவுக்கு வேறொன்றையும் கொடுத்தது. அவரது முதலிரு நாவல்களை வெளியிட்டது அவருடைய மாற்றுத்தாய் வழிச் சகோதரர்களில் ஒருவரல்ல, தாயின் முதல் திருமணத்தில் பிறந்த ஜெரல்ட் டக்வேர்த் என்ற சகோதரர். அவரிடம் கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்துத் தீர்ப்புக்குக் காத்திருப்பது வேர்ஜினியாவுக்கு வேதனையாக இருந்தது. 1922 இல் வந்த மூன்றாவது நாவல் முதலாக எல்லாம் சொந்தப் பதிப்பு. தாம் விரும்பியதை விரும்பியவாறு எழுதும் சுதந்திரம் இதனால் தமக்குக் கிடைத்ததாக அவர் நாட்குறிப்பில் எழுதினார்.

சொந்த அச்சியந்திரம் சொந்தக் குரலைத் தரும் என்பதை யாழ்ப்பாணம் அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தது. மிஷனரிமாரின் அச்சகங்கள் இங்கு கோலோச்சிய காலத்தில், ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவியதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

கெட்டி மட்டை எப்போது வந்தது?

வாசகர்களுள் சிலருக்குக் கெட்டி மட்டைப் புத்தகம் அச்சுக்கலையோடு கூடவே பிறந்தது என்ற எண்ணம் இருக்கக்கூடும். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, புத்தகங்கள் பெரும்பாலும் கட்டாத தாள்களாகவோ, சாதாரணத் தாள் ஒட்டிய தற்காலிக மட்டையுடனோதான் விற்கப்பட்டன. வாங்கியவர் தமக்கு விருப்பமான கட்டுநரிடம் கொடுத்துத் தோலில் கட்டுவித்துக்கொள்வார். அக்காலக் கட்டில், மட்டைகள் நூலின் உடலோடு கயிற்றால் பிணைக்கப்பட்டன. நாட்கணக்கில் எடுக்கும் வேலை அது.

1820 களில் துணி வந்தது. வில்லியம் பிக்கரிங் என்ற பதிப்பாளரும் ஆர்ச்சிபல்ட் லெய்ட்டன் என்ற கட்டுநரும் இம்மாற்றத்தின் முன்னோடிகள். பசை ஊறி மறுபக்கம் வராத துணி உருவானதும், மட்டையை நூலின் உடலோடு பிணைக்காமல், தனியாகவே செய்து பின்னர் ஒட்டும் முறை பரவியது. இரண்டு மட்டை, நடுவே முதுகுப் பட்டி, மூன்றையும் சேர்க்கும் துணி: இதுவே நாம் இன்று அறிந்த கெட்டி மட்டை. மலிவாக ஆயிரக்கணக்கில் செய்வதற்காகப் பிறந்த முறை இது. ஆனால் அதே எளிமைதான் அதை வீட்டு மேசைக்கும் ஏற்றதாக்கியது. தோற்கட்டுக்கு நீண்டகாலப் பயிற்சி வேண்டும். துணிக்கட்டை ஒரு வார இறுதியில் பழகலாம்.

நம்முடைய ஏட்டுச் சுவடிக்கும் கெட்டி மட்டை இருந்தது. ஓலைகளின் மேலும் கீழும் மரச்சட்டம். துளை வழியே கயிறு. கட்டவிழ்த்துப் படித்துவிட்டுத் திரும்பக் கட்டிவைக்க வேண்டும். நூல் என்ற சொல்லுக்குப் புத்தகம், இழை என இரு பொருள் என்று மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துவிட்டது. ஆனால் ஒரு புத்தகத்தின் முதுகைப் பிரித்து, உள்ளே ஓடும் இழையைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனைபேர்?

சாதியிழந்த இரு பிராமணர்

1921 இல் ஹோகார்த் இல்லத்திலிருந்து 300 பிரதிகள் வெளிவந்த சிறிய நூலொன்று நமக்கு மிக நெருக்கமானது. கீழைத்தேயக் கதைகள் என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூலில் லெனார்ட் எழுதிய மூன்று கதைகள் உள்ளன. மேலுறையில் கரிங்டன் என்ற ஓவியர் செதுக்கிய புலிச் சித்திரம். ஒரு கதை கொழும்பை நினைவூட்டுவது. இன்னொன்று முத்துக்குளிப்பைப் பற்றியது. வெள்ளையரின் ஆட்சிப் பெருமையை உள்ளிருந்தே கேலி செய்வது. மூன்றாவது கதை யாழ்ப்பாணத்தில் நிகழ்வது. ஊரின் பெயரை ஆங்கில வழக்கில் எழுதாமல், ‘யாழ்ப்பாணம்’ என்ற நம் உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறார்.

அக்கதையில் இரண்டு பிராமணர்கள். அடுத்தடுத்த வளவுக்காரர், பெயர் செல்லையா, சிற்றம்பலம். ஒருவருக்கு, கடனீரேரியில் வலைவீசுவோரைப் பார்த்துப் பார்த்து, தாமும் வலைவீச வேண்டுமென்ற தீராத ஆசை. இரகசியமாகப் போய்ப் பழகுகிறார். மற்றவர் சிக்கனக்காரர், வளவில் கிணறு வெட்டும்போது கூலியை மிச்சம்பிடிக்கத் தாமே தலையில் மண் சுமக்கிறார். இரண்டும் ஊருக்குத் தெரியவருகின்றன. இருவரும் சாதியிழக்கின்றனர். தலைமுறைகள் கடந்தும், இரு குடும்பங்களுக்கும் இடையே கலியாணம் பேசும்போது, வலைவீசியதும் மண்சுமந்ததும் வசையாக எழுந்து வந்து சம்பந்தத்தைக் குலைக்கின்றன.

லெனார்ட் வெளியிலிருந்து வந்தவர். ஆளுவோரின் பக்கத்தில் நின்றவர். அவரது பார்வையில் குறை காணலாம். ஆயினும் இந்தக் கதை அச்சான இடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கையால் வேலை செய்ததற்காக இருவர் தள்ளிவைக்கப்பட்ட யாழ்ப்பாணத்துக் கதையை, கேம்பிரிட்ஜில் படித்த முன்னாள் சிவில் சேவை அதிகாரி ஒருவர், மை படிந்த கைகளோடு தம் வீட்டில் அச்சடித்துக்கொண்டிருந்தார். அதற்காக அவரை யாரும் தள்ளிவைக்கவில்லை. நண்பர்கள் வியந்தனர்; வரலாறு புகழ்ந்தது. அதேவேளை, அந்த வீட்டில் சமைக்கவும் துடைக்கவும் இரண்டு பணிப்பெண்கள் இருந்தனர். அவர்களின் கைவேலையை யாரும் கலை என்று அழைக்கவில்லை. கைவேலைக்குக் கிடைக்கும் மதிப்பு, கையைப் பார்த்து வருவதில்லை. ஆளைப் பார்த்து வருகிறது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், றிச்மண்டிலும் அப்படித்தான்.

பெயரில்லாதவர்கள்

1990 களின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது ஈய எழுத்துக்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆனால் நூற்கட்டுப் பகுதி அப்படியே இருந்தது. ஆசிரிய பீடத்தார் அங்கு அதிகம் போவதில்லை. பழைய பத்திரிகைக் கட்டுக்களைப் பார்க்கும் தேவை எனக்கு அடிக்கடி ஏற்பட்டதால், நான் போய்வந்தேன். அங்கே ஒருவர் மாதத்துக்கு ஒரு தொகுதியாகப் பத்திரிகைகளைத் தைத்துக் கலிக்கோ போட்டுக் கட்டிக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் அவர் ‘அண்ணை’.

அவர் கோதுமை மாவில் காய்ச்சிய பசைக்குள் கொஞ்சம் துருசு கலப்பார். பூச்சி அண்டாது என்பார். மட்டை வெட்டுமுன் அதனை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்ப்பார். “பேப்பர் எந்தப் பக்கம் லேசா வளையுதெண்டு முதல் பார் தம்பி. அந்த ஓட்டம் முதுகோடை நேராய் நிக்கவேணும். மாறி வெட்டினால் மட்டை கோணிப் போகும்” என்று ஒருநாள் சொன்னார். எந்தக் கையேட்டைத் திறந்தாலும் முதலில் காணக்கூடிய விதி அது. அவர் எந்தக் கையேட்டையும் படித்தவரல்லர்.

எழுதியவரின் பெயர் புத்தகத்தில் இருக்கும். பதிப்பாளர், அச்சகத்தார், ஓவியர் பெயர்களும் இருக்கும். கட்டியவரின் பெயர் இருந்து நான் கண்ட தமிழ்ப் புத்தகம் அரிது. நாம் இன்று ஆய்வுக்கெனப் புரட்டும் பழைய பத்திரிகைத் தொகுதிகள் தாள் தாளாக உதிராமல் நம் கைக்கு வந்ததற்குக் காரணம், அந்த அண்ணையைப் போன்றவர்களின் ஊசியும் நூலும். அவரிடம் பார்த்துப் பழகியதைக் கொண்டு, எனது பத்திரிகை நறுக்குகளை இன்றளவும் வீட்டிலேயே கட்டிவைத்து வருகிறேன்.

கல்வெட்டுக்களைக் கட்டிவையுங்கள்

இனி, புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

நம்மவர் வீடுகளில் இறந்தவரின் நினைவாக அந்தியேட்டியன்று வெளியிடும் சிறு நூலைக் ‘கல்வெட்டு’ என்கிறோம். இறந்தவரின் பிறப்பு, ஊர், கல்வி, தொழில், பிள்ளைகள், மருமக்கள், தேவாரங்கள், படங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஓர் ஊரின் குடும்ப வரலாற்றை எழுதப் புகுவோருக்கு இதைவிடச் சிறந்த மூலம் வேறில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டு அலுமாரிகளைத் திறந்தபடி விட்டு நடந்தோம். மிஞ்சியவற்றுள் கணிசமானவை பயணப் பெட்டிகளின் அடியில் கிடந்து கடல் கடந்த மெல்லிய கல்வெட்டுக்கள். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகத் திட்டம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. உங்களிடம் உள்ளவற்றை முதலில் அவர்களுக்காகப் படியெடுத்துக் கொடுங்கள். அதன்பின் மூலப் பிரதிகளைக் கட்டிவையுங்கள்.

அவசரம் ஏனென்றால், இந்நூல்கள் பெரும்பாலும் இரண்டு இரும்புக் கம்பிகளால் பிணைக்கப்பட்டவை. கம்பி துருப்பிடிக்கும், துரு தாளைத் தின்னும், நடுத்தாள் முதலில் கழன்று விழும். நடுத்தாளில்தான் பெரும்பாலும் குடும்பப் படம் இருக்கும்.

வேலை கடினமானதல்ல. நடு மடிப்பில் கம்பி போட்ட ஒவ்வொரு நூலும் நூற்கட்டாளரின் கணக்கில் ஒரு மடிப்புத் தொகுதி. கம்பியின் கால்களை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். மடிப்பில் ஐந்து துளைகள் இட்டு, மெழுகு தடவிய பருத்தி அல்லது சணல் நூலால் ஒவ்வொன்றையும் தைத்து, முன்னையதோடு முடிச்சிட்டுக்கொண்டே போங்கள். அளவுகள் வேறுபட்டால், அடிப்பக்கம் ஒரே மட்டமாக நிற்கட்டும். ஓரத்தை வெட்டிச் சமப்படுத்த வேண்டாம், எழுத்துப் போய்விடும். முன்னும் பின்னும் மடித்த வெறுந்தாள் ஒவ்வொன்று சேருங்கள். முதுகில் பசை தடவி மெல்லிய மசிலின் துணியை இருபுறமும் ஓர் அங்குலம் நீளவிட்டு ஒட்டுங்கள்.

மட்டை, தாளைவிட மூன்று பக்கமும் 3 மில்லிமீற்றர் வெளியே நிற்க வேண்டும். முதுகுப் பட்டி, தைத்த கட்டும் இரண்டு மட்டைகளும் சேர்ந்த கனத்தின் அளவு. பட்டிக்கும் மட்டைக்கும் நடுவே 7 அல்லது 8 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுத் துணியில் ஒட்டுங்கள். புத்தகம் திறந்து மூடுவது அந்த இடைவெளியில்தான். அதை மறந்தால் மட்டை திறவாது. துணியின் ஓரங்களை உள்ளே மடித்து ஒட்டி, தைத்த கட்டை அதனுள் வைத்து, வெறுந்தாள்களை மட்டையின் உட்புறத்தில் ஒட்டுங்கள். பின்னர் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துப் பாரமேற்றி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். ஈரம் காயுமுன் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் உண்மையிலேயே கடினமான பகுதி.

துணி வாங்கக் கடைக்குப் போகவும் வேண்டியதில்லை. வேர்ஜினியா வூல்ஃப் தமது ஷேக்ஸ்பியர் தொகுதிகளுக்கு வண்ணத் தாள்களை மேலுறையாக ஒட்டி, முதுகில் தம் கையெழுத்தில் தலைப்பெழுதினார். ரொட்மெல் கிராமத்தில் அவர்கள் வாழ்ந்த வீட்டில் அவை இன்றும் இருக்கின்றன. வேலைப்பாட்டில் குறைகள் தெரியும். 1941 இல் அவர் இறந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் கட்டு நிற்கிறது.

அம்மம்மாவின் பழைய பருத்திச் சேலை உங்கள் வீட்டில் இருக்குமானால், அதன் பின்புறத்தில் மெல்லிய தாளொட்டிப் புத்தகத் துணியாக்கலாம். உள்ளே அவருடைய கல்வெட்டும், அவருடைய கூடப்பிறந்தவர்களின் கல்வெட்டுக்களும் ஆண்டு வரிசையில் இருக்கட்டும். கடைசித் தாளில், எந்த ஊரில் எந்த ஆண்டில் இது கட்டப்பட்டது என்று எழுதுங்கள். கட்டியவரின் பெயரையும் எழுதுங்கள்.